மாதா மாதம் சளி, சாப்பிடாத பிள்ளை, டெங்கு பயம்: டாக்டரம்மா பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சின்னப் பிள்ளைகளைப் பற்றியவை. சித்திரை வெயிலில் எழுதியதும் இருக்கிறது, போன ஐப்பசி மழையில் எழுதி இப்போதுதான் என் கைக்கு வந்ததும் இருக்கிறது, அதனால் வருடம் முழுக்க வரும் தொல்லைகள் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டன. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பல கடிதங்களுக்கு என் பதில் "மருந்தைக் குறையுங்கள்" என்றுதான் இருக்கும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது. எல்.கே.ஜி. சேர்த்ததிலிருந்து மாதம் தவறாமல் சளி, காய்ச்சல். ஒன்று போய் பத்து நாளில் அடுத்தது வருகிறது. எதிர்ப்பு சக்தியே இல்லை என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். நல்ல டானிக் ஒன்று எழுதுங்கள் டாக்டரம்மா.
– ஓர் அம்மா, திருப்பூர்

டானிக் எழுதப் போவதில்லை அம்மா. இந்த வயதுப் பிள்ளைக்கு வருடத்தில் ஆறிலிருந்து எட்டு முறை சளி பிடிப்பது சாதாரணம், பள்ளியில் சேர்ந்த முதல் வருடம் அதற்கு மேலும் போகும். சளியைக் கொண்டுவரும் வைரஸ்கள் மட்டும் 200-க்கு மேல் இருக்கின்றன. இதுவரை தாத்தா பாட்டியோடு வீட்டுக்குள் இருந்த பையன் இப்போது முப்பது பிள்ளைகளோடு ஒரே அறையில் உட்கார்ந்து, ஒரே க்ரேயானைக் கடித்து, ஒவ்வொரு வைரஸாக அறிமுகம் செய்துகொள்கிறான். எதிர்ப்பு சக்தி உருவாவதே அப்படித்தான். பக்கத்து வீட்டு அக்காவிடமும் சொல்லுங்கள். ஓரிரு வருடத்தில் தானாகக் குறையும்.

நான் கவலைப்படுவது வேறு விஷயங்களுக்கு: எடை ஏறவே இல்லை, ஒரே வருடத்தில் இரண்டு முறை நிமோனியா வந்துவிட்டது, காதில் திரும்பத் திரும்பச் சீழ் வருகிறது, சளி இல்லாத நாளிலும் ஓடினால் இருமுகிறான். இதில் ஏதாவது இருந்தால் நேரில் காட்டுங்கள். இல்லையென்றால் உப்புத் தண்ணீர் மூக்குச் சொட்டு, வெதுவெதுப்பான கஞ்சியோ ரசமோ, போதுமான தூக்கம், இவ்வளவுதான் வைத்தியம். இரவு இருமலுக்கு ஒரு சின்ன ஸ்பூன் தேன் கொடுக்கலாம், ஆனால் ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தடவக்கூட வேண்டாம். பாட்டுலிசம் என்ற ஆபத்தான நோய்க்கு அது வழிவிடும்.

இருமல் சிரப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பக்கம் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனார்கள். அவர்கள் குடித்த இருமல் மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். பரிசோதித்தபோது அதில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலை ரசாயனம் 48.6 சதவீதம் இருந்தது, அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். அதையொட்டி மத்திய சுகாதார அமைச்சகம், இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், சளி சிரப் கூடவே கூடாது, ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கும் பொதுவாகத் தேவையில்லை என்று மீண்டும் அறிவுறுத்தியது. கலப்படமே இல்லாத நல்ல சிரப்பாக இருந்தாலும் இந்த வயதில் பலன் மிகக் குறைவு, தூக்கக் கலக்கம்தான் மிச்சம். ஆகவே மெடிக்கல் ஷாப்பில் போய் "சளிக்கு ஏதாவது குடுங்கண்ணா" என்று வாங்குவதை முதலில் நிறுத்துங்கள். போன தடவை வாங்கி ஃப்ரிட்ஜில் மிச்சம் வைத்திருக்கும் ஆன்டிபயாட்டிக்கையும் கொட்டிவிடுங்கள், வைரஸ் சளிக்கு அது ஒன்றும் செய்யாது. "ஊசி போட்டாத்தான் கேட்கும்" என்பதும் அதே கதைதான்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கும்போது வயதைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள். ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் குறைந்தது 4 மணி நேர இடைவெளி, நாளைக்கு 4 வேளைக்கு மேல் வேண்டாம். உங்கள் பையன் 12 கிலோ என்றால் ஒரு வேளைக்கு 120 முதல் 180 மில்லிகிராம். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்: 5 மி.லி.யில் 125 இருக்கும் பாட்டிலும் விற்கிறது, 250 இருக்கும் பாட்டிலும் விற்கிறது, பார்க்க இரண்டும் ஒரே மாதிரி. சின்னக் குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ ஒரே மி.லி.யில் 100 இருக்கும். லேபிளைப் படித்துவிட்டு, பாட்டிலோடு வரும் மூடி அளவிலேயே ஊற்றுங்கள், சமையல்கட்டு ஸ்பூன் வேண்டாம்.

இன்னும் ஒன்று. பிள்ளை தூங்கும்போது சட்டையை விலக்கி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணிப் பழகுங்கள். ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல் போனாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: பேரனுக்கு மழைக்காலத்திலும் என் மருமகள் வாழைப்பழமும் தயிரும் கொடுக்கிறாள், தினமும் குளிப்பாட்டுகிறாள். தலைக்குக் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் வைத்துச் சாம்பிராணி போட்டால் சளி அண்டாது என்று சொன்னால் கேட்பதில்லை. நீங்களே எடுத்துச் சொல்லுங்கள் டாக்டர்.
– ஒரு பாட்டி, தென்காசி

நீங்கள் கோபித்தாலும் பரவாயில்லை பாட்டி, மருமகள் பக்கம்தான் நான் பேச வேண்டியிருக்கிறது. சளி வைரஸால் வருவது, வாழைப்பழத்தால் வருவதில்லை. தயிரை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் கொடுக்காமல் இருந்தால் போதும். வெந்நீரில் குளிப்பாட்டித் தலையைத் துவட்டினால் மழைக்காலத்திலும் ஒன்றும் ஆகாது.

கற்பூரத்தைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், அது சின்னப் பிள்ளைகளுக்கு ஆபத்து. தோல் வழியாகவும் உள்ளே போகும், கொஞ்சம் வாயில் போனாலே வலிப்பு வரலாம். பூஜை அலமாரியில் கைக்கு எட்டும் இடத்தில் கற்பூர டப்பா வைக்காதீர்கள். சாம்பிராணிப் புகை பச்சைக் குழந்தையின் மூச்சுக்குழாயை எரிச்சலாக்கும், சளியைக் கூட்டத்தான் செய்யும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, வாய்க்குள் விரலை விட்டுத் தொக்கம் எடுப்பது, இதெல்லாம் உங்கள் பக்கத்திலும் உண்டு என்று எனக்குத் தெரியும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரும்.

உங்கள் கை வைத்தியத்தில் நான் ஒத்துக்கொள்வதும் நிறைய இருக்கிறது. ரசம், இஞ்சி தட்டிப் போட்ட கஞ்சி, தேங்காய் எண்ணெய் தேய்த்து இதமாக உடம்பு பிடித்துவிடுவது எல்லாம் தாராளமாகச் செய்யுங்கள். கற்பூரம் மட்டும் இல்லாமல்.

கேள்வி: எங்கள் தெருவில் டெங்கு. ஏழு வயது மகளுக்கு மூன்று நாள் காய்ச்சல் அடித்து, நான்காம் நாள் விட்டுவிட்டது. பள்ளிக்கு அனுப்பினேன், மதியமே வாந்தி என்று கூப்பிட்டுவிட்டார்கள், அப்புறம் ஆஸ்பத்திரியில் சேர்த்து நல்லபடியாக வந்துவிட்டாள். காய்ச்சல் விட்ட பிறகு எப்படி ஆபத்து வரும்?
– ஓர் அப்பா, சென்னை

மகள் நலமாக வந்தது சந்தோஷம் சார். உங்கள் கேள்வியில்தான் டெங்குவின் சூட்சுமமே இருக்கிறது. மற்ற வைரஸ் காய்ச்சலில் சூடு இறங்கினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. டெங்குவில் பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், சூடு இறங்கும் நேரத்தில்தான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிய ஆரம்பிக்கும். அந்த 24 முதல் 48 மணி நேரம்தான் கண்டம். பிள்ளையைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும், "அப்பாடா, ஜுரம் விட்டுது" என்று நாம் நினைப்போம், உள்ளே ரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருக்கும்.

அந்த இரண்டு நாளும் வீட்டில் வைத்துக் கவனியுங்கள். தாங்க முடியாத வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பு மலம், கை கால் சில்லிட்டுச் சோர்ந்து கிடப்பது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் நேராக ஆஸ்பத்திரி. எல்லோரும் தட்டணுக்கள் எத்தனை ஆயிரம் என்றுதான் என்னைக் கேட்கிறார்கள், சிறுநீர் எத்தனை முறை போனாள் என்று ஒருவரும் சொல்வதில்லை. எனக்கு அதுதான் முதலில் வேண்டும். ரத்தம் கெட்டியாகிறதா என்று காட்டும் ஹீமட்டோக்ரிட் அளவையும் தட்டணுக்களோடு சேர்த்தே பார்ப்போம்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென், மெஃபெனமிக் ஆசிட், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம், ரத்தக் கசிவைக் கூட்டும். மழை சீசனில் எந்தக் காய்ச்சல் வந்தாலும் டெங்கு இல்லை என்று தெரியும் வரை இதே விதிதான். இளநீர், கஞ்சி, ஓ.ஆர்.எஸ்., மோர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். நிலவேம்புக் கஷாயத்தை அரசு ஆஸ்பத்திரியிலேயே கொடுக்கிறார்கள், அதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தக் கசப்பைக் குடித்து வாந்தி எடுத்து உள்ளே போன தண்ணீரும் வெளியே வந்தால் நஷ்டம் பிள்ளைக்குத்தான். பப்பாளி இலைச் சாறும் அப்படித்தான்.

கொசு விஷயம்: ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், நல்ல தண்ணீரில் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள், அதனால் வாரம் ஒரு முறை தொட்டி, ட்ரம், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு எல்லாவற்றையும் காலி செய்ய வேண்டும். காலி செய்தால் மட்டும் போதாது, உள் சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும், ஏனென்றால் ஒட்டியிருக்கும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் அடுத்த தண்ணீர் பட்டவுடன் பொரிக்கும். இதை மழை தொடங்குவதற்கு முன்னால், ஆவணியிலேயே ஆரம்பித்துவிடுங்கள். மாலையில் மட்டும் ஜன்னலைச் சாத்தினால் இந்தக் கொசுவுக்குப் போதாது, பள்ளிக்கு முழுக்கைச் சட்டை போட்டு அனுப்புங்கள்.

கேள்வி: ராத்திரி பல்லை நறநறவென்று கடிக்கிறான். வயிற்றில் பூச்சியா?
– கரூர்

பல் கடிப்பதற்கும் பூச்சிக்கும் சம்பந்தமில்லை, பெரும்பாலும் வளர வளரப் போய்விடும். ராத்திரியில் ஆசன வாயில் அரிப்பு இருந்தால் அது பூச்சி. எப்படியும் பிப்ரவரி, ஆகஸ்ட் வாக்கில் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரையை இலவசமாகக் கொடுக்கிறார்கள், 1 வயதிலிருந்து 19 வரை. இரண்டு வயதுக்குள் அரை மாத்திரை. தவறாமல் போடுங்கள், நகத்தை வெட்டுங்கள், செருப்பு இல்லாமல் கொல்லைக்கு விடாதீர்கள்.

கேள்வி: வெயிலில் வாந்தி, பேதி வந்தால் கடையில் விற்கும் அட்டைப்பெட்டி ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாமா? பிள்ளைக்கு அந்த ஆரஞ்சு ருசிதான் பிடிக்கிறது.
– ஓர் அம்மா, வேலூர்

ருசியாக இருக்கிறது என்றாலே சந்தேகப்படுங்கள். அந்தப் பெட்டிகளில் பலவற்றில் சர்க்கரை மிக அதிகம், உப்பு மிகக் குறைவு. சர்க்கரை கூடினால் அது குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் இல்லாத எந்தப் பானத்திலும் "ஓ.ஆர்.எஸ்." என்று அச்சடிக்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது, இருந்தாலும் கையில் எடுத்ததைத் திருப்பிப் படியுங்கள்.

சரியானது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் அந்தப் பொடிப் பாக்கெட்தான். பெரிய பாக்கெட் என்றால் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரே தடவையாகக் கரையுங்கள். ஒரு டம்ளரில் கொஞ்சம் பொடி என்று கண் மதிப்பில் போட்டால் உப்பு கூடிவிடும். 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறை பேதியான பிறகும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் 100 முதல் 200 மி.லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாக. கூடவே 14 நாள் ஜிங்க் மருந்து, பேதி நின்ற பிறகும் அதை முடிக்க வேண்டும். தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தாதீர்கள், வயிற்றைக் காயப்போடும் பழக்கம் இன்னும் போகவில்லை.

இந்தச் சிகிச்சையை உலகம் நம்பியதே நம் பக்கத்தில்தான். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, சலைன் பாட்டில் தீர்ந்துபோய், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் ட்ரம்மில் உப்பும் குளுக்கோஸும் கரைத்துக் குடிக்கக் கொடுத்துத்தான் பல உயிர்களைக் காப்பாற்றினார். ஆரஞ்சு ருசி எதுவும் அதில் இல்லை.

கேள்வி: இரண்டரை வயது. சோற்றைக் கண்டாலே ஓடுகிறாள். பால் மட்டும் ஐந்து வேளை குடிப்பாள், அதில் ஹெல்த் டிரிங்க் பவுடர் கலக்கிறேன். இப்போது பல்பத்தைத் தின்ன ஆரம்பித்திருக்கிறாள்.
– ஓர் அம்மா, திண்டுக்கல்

கடைசி வரியை முதலில் எழுதியிருக்க வேண்டும் நீங்கள். பல்பம், மண், சுண்ணாம்பு தின்பது பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவின் அறிகுறி. இந்த வாரமே ஹீமோகுளோபின் பாருங்கள். தேசியக் குடும்ப நல ஆய்வில் (2019–21) தமிழ்நாட்டிலேயே ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை.

காரணம் அந்த ஐந்து வேளைப் பால். பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு, வயிற்றையும் நிரப்பிவிடுகிறது, அப்புறம் சோற்றைக் கண்டால் ஓடாமல் என்ன செய்வாள்? ஒரு நாளைக்கு 400 மி.லி. போதும், 500-ஐத் தாண்டவே கூடாது, ஃபீடிங் பாட்டிலை விட்டு டம்ளருக்கு மாறுங்கள். முதல் வாரம் அழுவாள், வீட்டில் எல்லோரும் உங்களைத் திட்டுவார்கள், விட்டுக் கொடுக்காதீர்கள். பவுடரை நிறுத்துங்கள், அதில் பெரும்பகுதி சர்க்கரை. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே இணையக் கடைகளிடம் இந்த வகைப் பானங்களை "ஹெல்த் டிரிங்க்" பிரிவிலிருந்து எடுக்கச் சொன்னது.

ஈரல், சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), மீன், முட்டை கொடுப்பவர்கள் தாராளமாகக் கொடுங்கள். சைவ வீடு என்றால் கீரை, பயறு, கேழ்வரகு, கூடவே எலுமிச்சையோ கொய்யாவோ நெல்லிக்காயோ சேர்த்தால்தான் இரும்பு உடம்பில் ஒட்டும். டீ கொடுக்காதீர்கள் (இரண்டரை வயதுக்கு டீயா என்று கேட்காதீர்கள், என் கிளினிக்கில் ஆறு மாதக் குழந்தைக்கே பிஸ்கட்டை டீயில் நனைத்துக் கொடுப்பதைப் பார்க்கிறேன்). ரத்தசோகை இல்லாத பிள்ளைகளுக்கும் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை வாரம் இரண்டு முறை 1 மி.லி. இரும்புச் சத்து சிரப் அரசுத் திட்டத்திலேயே உண்டு, அங்கன்வாடியில் கேளுங்கள். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் அந்த அளவு பத்தாது, டாக்டர் சொல்லும் அளவில் சில மாதங்கள் கொடுக்க வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

கேள்வி: வீசிங் உள்ள பையன். போகி, தீபாவளி வந்தாலே பயமாக இருக்கிறது. இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்று சிரப்பே கொடுத்து வருகிறோம்.
– ஓர் அப்பா, கும்பகோணம்

இந்தப் பயத்தைப் போக்கவே தனிப் பத்தி எழுதலாம். இன்ஹேலரில் ஒரு அழுத்தலுக்கு 100 மைக்ரோகிராம் சால்பியூட்டமால் என்ற வீசிங் மருந்து, நேராக நுரையீரலுக்குப் போகிறது. நீங்கள் கொடுக்கும் சிரப்பில் 5 மி.லி.க்கு 2 மில்லிகிராம், அதாவது இருபது அழுத்தலுக்குச் சமம், அதுவும் வயிறு, ரத்தம், இதயம் எல்லாம் சுற்றிவிட்டு வருகிறது, அதனால்தான் கை நடுங்குகிறது, படபடக்கிறது. எது பழக்கம், எது வைத்தியம் என்று நீங்களே சொல்லுங்கள். ஸ்பேசர் என்ற குழாயோடு சேர்த்துத்தான் இன்ஹேலர் கொடுக்க வேண்டும், சின்னவனாக இருந்தால் மாஸ்க்கும் வேண்டும். தினமும் எடுக்கச் சொன்ன ஸ்டீராய்டு இன்ஹேலரை மூச்சு நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், எடுத்த பிறகு வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

போகியன்று காலையில் ஜன்னலைச் சாத்தி வீட்டிலேயே இருக்கட்டும். ஆனால் வருடத்துக்கு ஒரு போகி, கொசுவர்த்திச் சுருளோ தினமும். ஒரு சுருள் எரிந்து தீர்வதற்குள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று சீன, மலேசியச் சுருள்களை வைத்துச் செய்த ஆய்வு சொல்கிறது. கொசு வலை கட்டுங்கள்.

கேள்வி: ஒன்றரை வயதோடு தடுப்பூசி எல்லாம் முடிந்துவிட்டது இல்லையா?
– ஓர் அம்மா, நாகர்கோவில்

இல்லை. ஐந்து வயதில் டி.பி.டி. பூஸ்டர் இருக்கிறது, 10-லும் 16-லும் டி.டி. (டெட்டனஸ், டிப்தீரியா) இருக்கிறது, இந்த மூன்றையும் மறப்பவர்கள் ஏராளம். வைட்டமின் ஏ திரவம் 9 மாதத்தில் தொடங்கி ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மொத்தம் 9 தவணை. அரசு அட்டவணையில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி உண்டு, பொன்னுக்கு வீங்கிக்கு இல்லை, அதற்கு எம்.எம்.ஆர். தனியாரில் போட வேண்டும். ஃப்ளூ ஊசியும் தனியாரில்தான், வீசிங் உள்ள பிள்ளைக்கு வருடா வருடம் ஐப்பசி மழைக்கு முன்னால் போட்டுவிடுங்கள், முதல் முறை என்றால் ஒரு மாத இடைவெளியில் இரண்டு தவணை. அட்டையைத் தொலைக்காதீர்கள், போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: காய்ச்சலில் வலிப்பு வந்தபோது மாமியார் கையில் இரும்புச் சாவி கொடுத்தார், உடனே நின்றது. அது சரியா?
– ஓர் அம்மா, புதுக்கோட்டை

சாவி கொடுக்காவிட்டாலும் நின்றிருக்கும் அம்மா. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் நூற்றில் இரண்டிலிருந்து ஐந்து பிள்ளைகளுக்கு இந்த வலிப்பு வருகிறது, பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானே நின்றுவிடும், மூளைக்குப் பாதிப்பு இல்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள், வாயில் ஸ்பூனோ விரலோ தண்ணீரோ வேண்டாம், கை காலை அமுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள், 5 நிமிடம் தாண்டினால் 108. முதல் முறை வந்தால், நின்ற பிறகும் அன்றைக்கே ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். மாமியாரிடம் சாவியைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம், அவர் சாவியைப் பிடித்துக்கொண்டிருக்கட்டும், நீங்கள் கடிகாரத்தைப் பாருங்கள்.